கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு கேள்வி: பேட்டரி விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம், வாரத்தில் மூன்று நாலு தடவை திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டும், மாதம் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓட்டம், கையில் இருப்பது 13 வருடப் பழைய பெட்ரோல் கார் என்று எழுதியிருக்கிறீர்கள். "பத்து லட்சத்துக்குள் ஒரு மின்சாரக் கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் தினமும் ஒரு புதுப் பேட்டரி பற்றிச் செய்தி வருகிறது. ரெண்டு வருஷம் பொறுத்தால் பாதி விலைக்கு வந்துவிடுமா? நம்ம ஊர் வெயிலுக்குப் பேட்டரி தாங்குமா? விவரம் தெரிந்த அண்ணாச்சி யாராவது சொல்லுங்கள்" என்பது கேள்வி. இன்றைக்குப் பத்து லட்சத்துக்குள் கிடைக்கிற காரில் இருக்கும் பேட்டரி நன்றாக வெந்த பண்டமா, அல்லது பாதி வேக்காட்டில் நம் தலையில் கட்டுகிறார்களா என்பதுதான் உங்கள் பயம் என்று புரிந்துகொள்கிறேன். பயம் நியாயமானது. வாழ்க்கையில் இரண்டு மூன்று தடவை செய்கிற செலவு இது.

நான் காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், பி.டெக். படித்தவன். அதன்பிறகு 20 வருடத்துக்கு மேல் பேட்டரிதான் பிழைப்பு. முதலில் இன்வெர்ட்டருக்கான ஈய பேட்டரி, பிறகு லித்தியம் பேட்டரிகளைச் சூட்டிலும் குலுக்கலிலும் வைத்துச் சோதிக்கிற வேலை. இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பேட்டரி பற்றி நான் சொல்வதை நம்பலாம். கடன், வட்டி விஷயத்தில் உங்கள் ஆடிட்டர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் சார்ஜ் போட இடமும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால், உங்கள் ஓட்டத்துக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மின்சாரக் காரைச் சாமானிய வீட்டுக்குக் கொண்டுவரப்போகிற முன்னேற்றம் இனிமேல்தான் வர வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வந்துவிட்டது. சத்தமில்லாமல் வந்ததால் தெரியவில்லை.

பேட்டரி அளவை 'கிலோவாட் மணி' என்று போட்டிருப்பார்கள். அது வேறொன்றும் இல்லை, நம் ஈ.பி. அட்டையில் எழுதுகிற யூனிட்டேதான். 24 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 24 யூனிட் பிடிக்கும். லித்தியம் அயான் பேட்டரியை 1991இல் சோனி நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தது. 2010 வாக்கில் காருக்கான பேட்டரி யூனிட்டுக்கு 1,000 டாலருக்கு மேல். ப்ளூம்பெர்க் என்இஎஃப் என்கிற ஆய்வு நிறுவனம் வருடந்தோறும் எடுக்கிற கணக்கில் 2024இல் உலக சராசரி 115 டாலர். அந்த ஒரே வருடத்தில் மட்டும் 20 சதவீதம் இறங்கியிருந்தது. ஆனால் ஒரே சீராக இறங்கிக்கொண்டே வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022இல் விலை ஏறியது. சீனாவில் லித்தியம் கார்பனேட் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கி, ஒரே வருடத்தில் 1 லட்சம் யுவான் பக்கம் விழுந்தது. உளுந்து விலை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகியவர் நீங்கள், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

விலை இறங்கியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இரும்பு. முன்பு வந்த மின்சாரக் கார் பேட்டரிகளில் நேர்மின்வாய்க்கு, அதாவது பிளஸ் பக்கத்துக்கு, நிக்கல், கோபால்ட் போட்டார்கள். கோபால்ட் பெரும்பாலும் காங்கோவிலிருந்து வருவது, விலையும் அதிகம். 1990களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வைத்துச் செய்து பார்த்தார்கள். இதைத்தான் சுருக்கமாக எல்எஃப்பி என்கிறார்கள். (லித்தியம் பேட்டரிக்காக அவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது, அப்போது வயது 97.) இரும்பும் பாஸ்பேட்டும் எங்கும் கிடைப்பவை. அதைவிட எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. இதில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு கெட்டியாகப் பிணைந்திருக்கிறது. சூடேறினாலும் லேசில் விட்டுப் பிரியாது. நிக்கல் வகையில் கடும் சூட்டில் ஆக்சிஜன் வெளியே வந்து, தானே தீயை ஊதிவிடும். இரண்டையும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து எத்தனையோ தடவை சோதித்திருக்கிறேன். எல்எஃப்பி செல் (பேட்டரிக்குள் அடுக்கியிருக்கிற தனித்தனி அலகு) புகையும், வீங்கும். நிக்கல் செல் நடந்துகொள்ளும் விதமே வேறு, கண்ணாடிக்குப் பின்னால் நின்றாலும் கால் தானாக ஓர் அடி பின்வாங்கும்.

எல்எஃப்பியின் குறை கனம். செல்லுக்கு 3.2 வோல்ட்தான், நிக்கல் வகைக்கு 3.6, 3.7 வரும். அதனால் பஸ்ஸுக்குத்தான் லாயக்கு என்று ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இதை மாற்றியது வேதியியல் இல்லை, அடுக்குகிற முறை. அப்பளத்தைச் சின்னச் சின்னக் கட்டாகக் காகிதம் சுற்றி, அந்தக் கட்டுகளைச் சிறு பெட்டியில் வைத்து, சிறு பெட்டிகளைப் பெரிய பெட்டியில் அடுக்கினால் பாதி இடத்தைக் காகிதமும் அட்டையும் தின்றுவிடும் இல்லையா? பேட்டரியையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் உள்ள சிறு பெட்டிகளை எடுத்துவிட்டு, நீளமான செல்களை நேராகப் பெரிய பெட்டியில் அடுக்கலாம் என்று சீனக் கம்பெனிகள் காட்டின. 2020இல் வந்த பிஒய்டியின் பிளேடு பேட்டரி அப்படிப்பட்டது. இடம் மிச்சம், கனம் குறைவு, உதிரிபாகமும் குறைவு. எல்எஃப்பியின் மூலக் காப்புரிமைகள் 2022இல் காலாவதியானதும் வழி இன்னும் திறந்தது. இன்று நம் நாட்டில் விற்கிற விலை குறைந்த மின்சாரக் கார்களில் பெரும்பாலும் இந்த இரும்புப் பேட்டரிதான்.

சரி, இன்னும் இறங்குமா? இறங்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் பாதியாகாது. ஒரு கணக்குப் போடுவோம். 24 யூனிட் பேட்டரி, யூனிட்டுக்கு 115 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 2.35 லட்சம். சின்னப் பேட்டரிக்கு யூனிட் விலை சராசரியைவிடக் கூடும், ஏனென்றால் பெட்டியும் கண்ட்ரோல் போர்டும் ரிலேயும் சின்னதற்கும் பெரியதற்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. 3 லட்சம் என்றே வையுங்கள். இரண்டு வருடத்தில் 20 சதவீதம் இறங்கி, அது மொத்தமும் உங்களுக்கே வந்தாலும் மிச்சம் 60,000 ரூபாய்.

அந்த இரண்டு வருடம் பழைய காரை ஓட்டினால் என்ன ஆகும்? லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்றால் மாதம் 59 லிட்டர், பெட்ரோல் நூறு ரூபாய் என்றாலே 5,900. மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் போகும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து மாதம் 140 யூனிட் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்றால் 1,120. மாதம் 4,700 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், இரண்டு வருடத்தில் 1.1 லட்சத்தைத் தாண்டும். அதாவது 60,000 மிச்சம் பிடிக்கக் காத்திருந்து அதைப் போல இரண்டு மடங்கைப் பெட்ரோல் பங்கில் கொடுத்துவிட்டு வருவீர்கள். இந்தக் கணக்கு உங்கள் 1,000 கிலோமீட்டருக்குத்தான் பொருந்தும். மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டு வருட மிச்சம் 35,000கூட வராது. அவர் பழைய காரையே ஓட்டட்டும், அவசரம் இல்லை.

இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. புது மின்சாரக் காருக்குப் பதில் அதே அளவில் புதுப் பெட்ரோல் கார் வாங்கினால் வாங்கும் விலையில் இன்னும் ஏறக்குறைய மூன்று லட்சம் குறைவு. இந்த இடைவெளி 2025 செப்டம்பரில் கூடிவிட்டது. மின்சாரக் காருக்கு 2019 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி. சின்னப் பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் இருந்ததை 18 ஆக்கினார்கள். பேட்டரிக்காரர்கள் வருடக்கணக்கில் பாடுபட்டுக் குறைத்ததில் ஒரு பங்கை ஒரே நாளில் வரி தின்றுவிட்டது. மாதம் 4,700 மிச்சம் என்றால் மூன்று லட்சத்தை எடுக்க உங்களுக்கு ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். பேட்டரிக்குப் பொதுவாக 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள் என்பதால் அது தாங்கும் கணக்கு. பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கிற திட்டத்தைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். 2024இல் எம்ஜி வின்ட்சர் என்கிற மின்சாரக் கார் வந்தபோது கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. கரண்டுக்கு 1.10 சேர்த்தால் 4.60, பெட்ரோல் 5.90. உங்களைப் போல நிறைய ஓட்டுகிறவருக்கு அதில் லாபம் மெலிந்துவிடும்.

வரப்போகிறவை பற்றி. சோடியம் பேட்டரி எனக்கு நம்பிக்கை தருகிற விஷயம். சீனாவின் சிஏடிஎல் 2021இலேயே அறிவித்தது, அதன் பிறகு அங்கே சின்னக் கார்களிலும் வைத்து ஓட்டினார்கள். நம் நாட்டில் ரிலையன்ஸ், இங்கிலாந்தின் ஃபாரடியான் கம்பெனியை இதற்காகவே வாங்கியது. தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்துவிட்டு, இனி நம்ம உப்பிலேயே கார் ஓடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஆசை நல்லதுதான். உப்பிலிருந்து சோடா ஆஷ் எடுக்கிற ஆலைகூடத் தூத்துக்குடியில் இருக்கிறது. ஆனால் பேட்டரி விலையைத் தீர்மானிப்பது உப்பின் விலை இல்லை. எதிர்மின்வாய்க்கான, அதாவது மைனஸ் பக்கத்துக்கான, ஹார்டு கார்பன் என்கிற கரியும், தொழிற்சாலை எவ்வளவு பெரிது என்பதும்தான் தீர்மானிக்கின்றன. சோடியத்தில் தாமிரத் தகட்டுக்குப் பதில் அலுமினியம் போடலாம், அது மிச்சம். ஆனால் அதே கனத்துக்கு லித்தியம் அளவு மின்சாரம் பிடிக்காது. லித்தியம் விலை விழுந்திருக்கும் வரை சோடியத்துக்குப் பெரிய விலை லாபமும் இல்லை. லித்தியம் மறுபடி ஏறினால் சோடியம் ஒரு பிடிகயிறு போல இருக்கும், அதுதான் அதன் பெரிய பயன்.

திடநிலை பேட்டரியை (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்தது) உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். டொயோட்டா 2027, 2028 என்று குறி வைத்திருக்கிறது, வந்தாலும் முதலில் விலை உயர்ந்த காரில்தான் வரும். ஐந்து நிமிட சார்ஜ் உண்மைதான், பிஒய்டி 2025 மார்ச்சில் காட்டியது. அதற்கு 1,000 கிலோவாட் வேண்டும். நம் தெருமுனையில் இருப்பது 63 அல்லது 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். பத்து டிரான்ஸ்ஃபார்மரின் கரண்டை ஒரே கார் இழுக்கும்.

தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்றே, பக்கத்திலேயே செய்தால் மலிவாகுமே என்று கேட்பீர்கள். அங்கே முதலில் வந்த விஎஃப்6 காரின் ஆரம்ப விலையே 16.49 லட்சம். கார் எங்கே பூட்டப்படுகிறது என்பதைவிட செல் எங்கே செய்யப்படுகிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். எல்எஃப்பி செல் உலகத்துக்கே பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் போகிறது. அந்த நேர்மின்வாய்த் தொழில்நுட்பத்தை வெளியே கொடுக்க 2025 ஜூலையில் அவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். இங்கே செல் தயாரிப்புக்கு 2021இல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தும் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகத்தில் படித்தவன் என்கிற முறையில் எனக்கு இதில் வருத்தம் உண்டு. நம்மிடம் படிப்பு இருந்தது, ஆலைதான் தாமதமாகிவிட்டது. விலை இன்னும் இறங்கும் என்று நான் சொன்னதில் சந்தேகத்துக்கு இடமான பகுதி இதுதான். டாலர் ஏறினாலோ, பெய்ஜிங்கில் ஒரு உத்தரவு வந்தாலோ இறக்கம் நின்றுவிடும்.

வெயிலுக்கு வருவோம். பேட்டரி இரண்டு விதமாகத் தேயும். ஒன்று ஓட்டத்தால், இன்னொன்று சும்மா இருக்கும்போதே வயதாகி. ஒரு முழு சார்ஜில் 190 கிலோமீட்டர் என்றால் உங்கள் ஓட்டத்துக்கு வருடம் 63 முழு சார்ஜ், எட்டு வருடத்தில் 500 அளவு. நல்ல எல்எஃப்பி செல் சோதனைக் கூடத்தில் 2,000, 3,000 தடவை தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஓட்டத்தால் உங்கள் பேட்டரி சாகாது. கவலைப்பட வேண்டியது இரண்டாவது வகை. செல்லுக்குள் நடக்கிற வேண்டாத வினைகள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரு மடங்காகும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பாலைவன ஊரில் 2012இல் நிசான் லீஃப் கார்களின் பேட்டரி சீக்கிரமே வற்றியது. அந்தக் காரில் பேட்டரியைக் குளிர்விக்க திரவ ஏற்பாடு இல்லை. பிறகு கம்பெனி சூட்டைத் தாங்குகிற வேறு செல்லுக்கு மாறியது. பாளையங்கோட்டையில் மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு, தார் ரோட்டின் மேல் நிற்கும் காரின் அடிவயிறு அதைவிடக் கொதிக்கும். ஆகவே, திரவத்தால் குளிர்விக்கிற பேட்டரி உள்ள காரையே பாருங்கள். எல்எஃப்பியும் திரவக் குளிர்விப்பும் சேர்ந்தால் நம் சீமையில் எட்டு வருடம் போகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பதினைந்து வருடம் போகுமா என்றால், அவ்வளவு வயதான இந்த வகைக் கார் நம் ஊர் ரோட்டில் இன்னும் ஒன்றுகூட இல்லை. பழைய கார் விற்பனை விலையும் இதனால்தான் இன்னும் நிலைப்படவில்லை. ஐந்து வருடத்தில் விற்கிற எண்ணம் இருந்தால் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பழக்கத்தில் மூன்று விஷயம். மத்தியானம் திருநெல்வேலி போய்வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ராத்திரி சாப்பிட்டபின் போடுங்கள். முழுசாக ஏற்றிவிட்டு வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள், வேப்ப மரத்து நிழலானாலும் போதும். ஆனால் கம்பெனி சொல்கிறபடி அவ்வப்போது, பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 100 சதவீதம் ஏற்ற வேண்டும். எல்எஃப்பியில் வோல்ட் கடைசி வரை ஒரே மட்டமாக இருக்கும். குழாயில் தண்ணீர் வருகிற வேகத்தை வைத்து மாடித் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாதது போல, கண்ட்ரோல் போர்டுக்கும் நடுவில் குழம்பும். நிறைந்தால்தான் அதற்கு அளவு பிடிபடும்.

இப்போது எர்த். பேட்டரியைவிட அதிகமாக நம் பக்கத்து ஆட்களை அலைக்கழிப்பது இதுதான். போன வருடம் அம்பாசமுத்திரம் பக்கத்தில் என் சொந்தக்காரர் வீட்டில் புதுக் கார் சார்ஜ் ஏறவே இல்லை. பத்து நாள் காரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தால், சுவரில் உள்ள பிளக்கின் எர்த் ஒயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அறுபது வருட வீடு, இத்தனை நாளும் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எர்த் இல்லையென்றால் கார் சார்ஜ் எடுக்காது, உங்கள் உயிருக்காகத்தான் அந்த ஏற்பாடு. உப்பும் கரியும் போட்டு ஒரு குழி தோண்டிப் புது எர்த் போட்டதும் அன்றிரவே ஏறியது. தாமிரபரணிக் கரையில் மண் ஈரமாக இருப்பது உங்களுக்கு வசதி. திசையன்விளை, உடன்குடி பக்கத்துத் தேரி மணலில் ஆழமாகப் போக வேண்டியிருக்கும். பழைய 15 ஆம்ப் பிளக்கில் ராத்திரி முழுக்க இழுத்தால் பிளக் உருகும், மீட்டரிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஆர்சிசிபி போடுங்கள்.

ஈ.பி. பில்லில் இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் கூடும். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500ஐத் தாண்டினால் தாண்டுகிற யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போகும். அதனால்தான் மேலே கணக்கில் எட்டு என்று வைத்தேன். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாளுக்குச் சராசரி 12 யூனிட் வரும், மத்திய அரசு மானியம் 78,000. கார் வாங்கி ஆறு மாதம் ஓட்டி, பில்லைப் பார்த்தபின் அதை முடிவு செய்யலாம்.

மதுரைக்கு மாதம் ஒருமுறை போவதாகச் சொன்னீர்கள். 24 யூனிட் காரில் அது ஒரு சார்ஜில் இழுபறிதான், வழியில் ஓர் இடத்தில் நிறுத்தி முக்கால் மணி நேரம் போட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மாதிரி வந்தால் என்ன என்பது நீங்கள் கேட்காத, ஆனால் நம்மவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி. ஐபி67 என்று போட்டிருந்தால் பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடப்பதற்கு அந்தச் சோதனை பொருந்தாது. மூழ்கிய காரை வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது, வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் ஷோரூமில் இரண்டை எழுத்தில் வாங்குங்கள்: செல் எல்எஃப்பியா, குளிர்விப்பது திரவத்தாலா என்று. அப்புறம் ஒரு ஒயர்மேனை வரச்சொல்லி எர்த் அளவு எடுக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்பதையும் குறித்து இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.